ராமாமணியக்கா போட்ட மூணு மார்க்

ராமாமணியக்கா இதுவரை பதினேழு மனநல மருத்துவர்களைப் பாஸ் பண்ண வைத்திருக்கிறார். அவர் பேராசிரியர் இல்லை. கோயமுத்தூர் சரவணம்பட்டியில் இட்லி மாவு விற்கிறவர். பேராசிரியை நான்தான், அதிலும் ‘உதவி’ என்று முன்னால் ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கள் அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் பத்து வருஷமாகப் பாடம் எடுக்கிறேன். என்னால்தான் தேறினோம் என்று இதுவரை எந்த டாக்டரும் சொன்னதில்லை. அக்காவுக்கோ தீபாவளிக்குத் தீபாவளி பதினேழு போன் வருகிறது.

விஷயம் இதுதான். மனநல மேற்படிப்பு மூன்று வருஷம். கடைசியில் ஒரு செய்முறைத் தேர்வு. நிஜமான நோயாளி ஒருவரோடு முக்கால் மணி நேரம் பேசி, என்ன நோய், எப்படி வந்தது, என்ன வைத்தியம் என்று வெளியூரிலிருந்து வரும் தேர்வாளரிடம் டாக்டர் சொல்ல வேண்டும். அதற்காக வந்து உட்காருகிற நோயாளியை நாங்கள் ‘கேஸ்’ என்போம். நல்ல கேஸ் கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஒருத்தர் வாயே திறக்க மாட்டார். ஒருத்தர் திறந்தால் மூட மாட்டார். ஒருத்தர் பாதியில் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார். ராமாமணியக்கா மட்டும் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு காலை எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்திருப்பார், பெண் பார்க்க வருகிறார்கள் என்பது போல.

பதினோரு வருஷத்துக்கு முன் அவருக்கு மனச்சோர்வு வந்தது. அவர் அதை ‘வெசனம்’ என்பார். திருப்பூருக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்ட சேதி தெரிந்த மாசம் படுத்தவர், நாலு மாசம் எழுந்திருக்கவில்லை. கடைசியில் எங்கள் வார்டுக்கு வந்து தேறினார். அப்போது கடையில் ஒரே கிரைண்டர்தான். இப்போது நாற்பத்தொரு வயது, மூன்று கிரைண்டர், தினமும் ஒரு மாத்திரை. ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் கழுத்தில் அட்டை தொங்க வரிசையில் நின்று அவரிடம் மாவு வாங்கிப் போகிறார்கள்.

நன்றிக்கடனாகத்தான் தேர்வுக்கு வர ஆரம்பித்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. அஞ்சாவது வருஷம் தேர்வு நாளன்று ஜன்னல் பக்கமாகப் போனபோது என் காதில் விழுந்தது இது:

“கண்ணு, பயப்படாத. எழுதிக்க. மனச்சோர்வு, கடுமையா வந்து நல்லாயிருச்சு. ஊட்டுல தம்பிக்கு மனச்சிதைவு, அதைக் குடும்ப வரலாத்துல போடோணும். சாகற எண்ணம் வந்துச்சான்னு கேக்க மறந்துபோடாத, போன வருசம் ஒரு புள்ள மறந்துபோட்டு முழிச்சுது. கவனம் எப்படின்னு பாக்க நூறுலருந்து ஏழேழாக் கழிக்கச் சொல்லுவியல்ல, அறுவத்தஞ்சு வரைக்கும் கரெக்டா வந்துரும். அதுக்கு மேல எனக்கு வராது, கண்டுக்காத.”

எனக்கு வந்த கோபத்தில் ஜன்னல் கம்பியைப் பிய்த்திருப்பேன். தேர்வு முடிந்ததும் தனியே கூப்பிட்டுப் பிடி பிடி என்று பிடித்தேன். அக்கா அசரவில்லை.

“பெத்தவங்க எத்தன கஷ்டப்பட்டுப் படிக்க வெச்சிருப்பாங்க டாக்டரம்மா. நம்மளால ஒரு புள்ள பெயிலாகோணுமாங்க?”

இந்த ‘ங்க’வுக்கு முன்னால் எவ்வளவு நேரம்தான் கோபப்பட முடியும்? விட்டுவிட்டேன். தப்புதான்.

போன வருஷம் எங்களுக்குப் புதுத் துறைத்தலைவர் வந்தார். பாலகோபால் சார், மதுரைக்காரர். அங்கே குழம்பு சரியில்லை என்றால் குழம்பு ஊற்றினவரிடமே சொல்லிவிடுவார்களாம். வந்த முதல் வாரமே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“ஜெனிஷா, நம்ம பிள்ளைக புத்தகத்தை நல்லாப் படிக்குதுக. எதிர்ல உக்காந்திருக்கிற ஆள்கிட்டப் பேசத் தெரியல. நாளைக்கு ஏதாவது ஒரு தாலுகா ஆஸ்பத்திரில தனியா உக்காரப் போறவன், பக்கத்துல கேக்க ஆளிருக்காது. இங்கயே பழகாம எங்க பழகுவான்?”

நியாயமான பேச்சு. அதனால் சார் ஒரு ஏற்பாடு செய்தார். புதன்கிழமைதோறும் பயிற்சி டாக்டர்கள், தேறிய நோயாளிகளோடு பேசிப் பழக வேண்டும். பேசி முடித்ததும் நோயாளி டாக்டருக்கு மார்க் போட வேண்டும். அதற்கு ஒரு பாரம் அடித்தார். அஞ்சு கேள்வி, கேள்விக்கு ரெண்டு மார்க். உட்காரச் சொன்னாரா? பேச விட்டாரா? நீங்கள் சொல்லாததையும் கேட்டுத் தெரிந்துகொண்டாரா? புரியும்படி சொன்னாரா? கடைசியில், உங்கள் வீட்டு ஆளை இவரிடம் அனுப்புவீர்களா?

மார்க் போட யாரைக் கூப்பிடலாம் என்றார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ராமாமணியக்கா பெயரைச் சொன்னேன்.

ஜூன் மாசம் முதல் புதன்கிழமை எட்டு டாக்டர்களுக்கும் பத்துக்குப் பத்து. ரெண்டாவது புதன் பத்துக்குப் பத்து. ஆகஸ்ட் முடிகிறவரை ஒரு ஒன்பது கூட விழவில்லை. அக்கா மட்டுமில்லை, அவரோடு வந்த மற்ற அஞ்சு பேரும் அதேதான். தலைவலிக்குது, சீக்கிரம் முடியுங்க என்று நோயாளியிடமே சொன்ன ஒரு மகராசிக்கும் பத்து. சார் பாரங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“என்னம்மா இது, பொய்யா?”

பொய் இல்லை சார், மரியாதை என்றேன். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் பாயசத்தில் உப்பே விழுந்திருந்தாலும், வாசலில் நின்று வழியனுப்புகிறவரிடம் “அருமைங்க” என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவோம். ஒரு ஆள் முகத்துக்கு நேரே உனக்கு ஆறு மார்க் என்று சொல்ல இங்கே எவருக்கும் நாக்கு எழாது. அதுவும் ஒரு டாக்டரை. சார் தலையைச் சொறிந்துகொண்டார்.

இந்தப் பத்துக்குப் பத்து ஆட்களில் ஒருவர் கிருபாசங்கர். அவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வயது நாற்பத்தஞ்சு. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதினாறு வருஷம் வேலை பார்த்துவிட்டு, அரசு டாக்டர்களுக்கான ஒதுக்கீட்டில் மேற்படிப்புக்கு வந்தவர். மாணவர்தான், ஆனால் என்னைவிட ஏழு வயது மூத்தவர். அதனால் நான் அவரை சார் என்பேன், அவர் என்னை மேடம் என்பார், ரெண்டு பேரும் கூச்சத்தோடு வகுப்பு நடத்துவோம். தங்கமான மனுஷன். ஒரே ஒரு வியாதி உண்டு. காலையிலிருந்து மத்தியானத்துக்குள் நூற்றைம்பது பேரைப் பார்த்துப் பழகியதால், நோயாளி உட்காருவதற்கு முன்னாலேயே அவர் பேனா எழுத ஆரம்பித்துவிடும்.

“சொல்லுங்க. எத்தன நாளாங்க? சரிங்க. தூக்கம் வருதுங்களா? சரிங்க. மாத்திரை எழுதியிருக்கேனுங்க. வாங்க.”

மரியாதையில் குண்டுமணி அளவு குறை கிடையாது. ஆனால் நோயாளி மூச்சு வாங்க நிறுத்தினால் போதும், அவருடைய வலது கை தானாக நீண்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிற மணியைத் தேடும். எங்கள் அறையில் மணி இல்லாததால் தண்ணீர் டம்ளரைத் தட்டுவார். மே மாசத் தேர்வில் முக்கால் மணி நேர கேஸைப் பதினோரு நிமிஷத்தில் முடித்துவிட்டு, உள்ளே வந்த தேர்வாளரைப் பார்த்து “அடுத்தவங்கள வரச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டார். பெயில். டிசம்பரில் மறுதேர்வு. அதுவரை எங்களோடுதான் இருந்தார்.

அவர் பாஸானால் ஆனைமலைப் பக்கம் ஒரு தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போவார். அங்கே மனநல டாக்டர் நாற்காலி காலியாகக் கிடந்தது. மனைவி அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்பதால் அவரும் அந்த இடத்தையே கேட்டிருந்தார். இதைக் கேள்விப்பட்ட அன்றைக்கு ராமாமணியக்கா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அக்காவின் தம்பி சென்னகிருஷ்ணன் இருப்பது அதே ஊரில்தான். அங்கே ஒரு தேங்காய்க் களத்தில் மட்டை உரிக்கிற வேலை. ஒன்பது வருஷமாக மனச்சிதைவு. கொஞ்சம் மாத்திரை தப்பினாலும் யாரோ தன்னைத் திட்டுகிற குரல் காதில் கேட்க ஆரம்பித்துவிடும். மாத்திரைக்காக மாசம் ஒருமுறை வேலையை விட்டு, ரெண்டு பஸ் மாறி, கோயமுத்தூர் வர வேண்டும். பல மாசம் வர மாட்டார்.

“நம்ம டாக்டரே அங்க வாராருங்களா?” அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “என்ற தம்பி நடந்தே போயிட்டு நடந்தே வந்துருவான். டிசம்பர்ல நான் பாத்துக்கறேனுங்க, நீங்க கவலப்படாதீங்க.”

எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியாதா? எந்த டாக்டருக்கு எந்த நோயாளி என்று தேர்வன்று போடுகிற சீட்டுக் குலுக்கலில் கிருபாசங்கருக்கு அக்கா பெயர் விழுந்தால் பதினெட்டாவது டாக்டர் ரெடி. விழாவிட்டாலும், விழுந்த நோயாளியிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்க அக்காவுக்குத் தெரியாதா என்ன?

செப்டம்பரில் அந்தக் கணக்கு புரண்டது. சென்னகிருஷ்ணன் மாத்திரை வாங்க வந்தார். அன்றைக்கு ஓ.பி.யில் இருந்தது கிருபாசங்கர். அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தம்பி உள்ளே போனார், பெஞ்சு சூடாவதற்குள் வெளியே வந்துவிட்டார்.

“என்னடா கேட்டாரு?”

“நல்லா இருக்கீங்களான்னாருக்கா. நல்லா இருக்கேனுங்கன்னேன். தூக்கம் வருதான்னாரு. வருதுங்கன்னேன்.”

அன்று சாயங்காலம் அக்கா வீட்டில், தம்பியின் சட்டையைத் துவைக்கப் போட மஞ்சப்பையைக் கவிழ்த்திருக்கிறார். சட்டையோடு சேர்ந்து மூணு மாச மாத்திரை அட்டை விழுந்தது. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. ஓ.பி. சீட்டை எடுத்துப் பார்த்தால் அதில் கிருபாசங்கர் கையெழுத்தில் எழுதியிருந்தது: ‘நலம். அதே மாத்திரை.’

மறுநாள் காலையில் தம்பியை இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நான் என்ன செய்தேன் என்று கேட்டால் வெட்கமாகத்தான் இருக்கிறது. திட்டினேன். ஏன் நிறுத்தினாய் என்றேன், மறந்துபோட்டனுங்க என்றார். மூணு மாசமாகவா மறக்கும் என்று இன்னும் ரெண்டு சத்தம் போட்டேன். அவர் தலையைக் குனிந்து சிரித்தார். மறுபடி மாத்திரை எழுதிக் கொடுத்து, இனி ஒழுங்காகப் போட வேண்டும் என்று அனுப்பிவைத்தேன். எனக்கும் கிருபாசங்கருக்கும் இருந்த வித்தியாசம் சத்தம் ஒன்றுதான்.

தம்பியை பஸ் ஏற்றிவிட்டு அக்கா திரும்பி வந்தார். என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். பிறகு அழுதார்.

“பதினேழு பேருக்கு நானே வாயில ஊட்டிப்போட்டேன் டாக்டரம்மா. கேட்டுத் தெரிஞ்சுக்கோணும்னு ஒருத்தரும் பழகல. அடுத்தவங்க ஊட்டு ஆளுதான, எப்படியோ போகட்டும்னு இருந்துட்டனாட்ட இருக்குது. இப்ப என்ற தம்பி போயி உக்காரப் போறான். நல்லா இருக்கேனுங்கம்பான். அவரும் எழுதிக்குவாரு.”

“கிருபாசங்கர் சார்கிட்டச் சொல்லட்டுமாக்கா, இன்னாரோட தம்பின்னு?”

“ஐயோ, வேண்டாமுங்க! அவரு மனசு நோகும்.”

இந்த ஊரை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

அடுத்த புதன்கிழமை கிருபாசங்கர் வழக்கம்போல ஆறு நிமிஷத்தில் அக்காவை முடித்து, டம்ளரைத் தட்டி, எழுந்து போனார். அக்கா பாரத்தை வாங்கினார். உட்காரச் சொன்னாரா, ரெண்டு. பேச விட்டாரா, சைபர். சொல்லாததைக் கேட்டாரா, சைபர். புரியும்படி சொன்னாரா, ஒன்று. அஞ்சாவது கேள்வியில் நிறுத்தினார். உங்கள் வீட்டு ஆளை இவரிடம் அனுப்புவீர்களா? பேனா முனை அந்தக் கட்டத்துக்கு மேல் நின்றது. சைபர் போட்டுவிட்டு, பாரத்தை என்னிடம் நீட்டாமல் மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு பாத்ரூம் பக்கம் போய்விட்டார்.

மொத்தம் மூணு. பாலகோபால் சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து நின்று அந்தக் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “எங்க ஊர்ல இதெல்லாம் முத வாரமே வந்திருக்கும்” என்றார்.

கிருபாசங்கர் முகம் செத்துவிட்டது. பதினாறு வருஷத்தில் அவரைப் பற்றி யாரும் ஒரு புகார் எழுதியதில்லை. வாசலில் அக்கா காத்துக்கொண்டிருந்தார், கையில் ஒரு தூக்குவாளி.

“ஏனுங்க டாக்டர், தப்பா நெனச்சுக்காதீங்க. இந்தாங்க, ரெண்டு கிலோ மாவு. இன்னைக்கு ஆட்டுனது.”

மூணு மார்க் போட்ட கையோடு மாவும் கொடுத்த ஒரே தேர்வாளர் உலகத்திலேயே இவராகத்தான் இருப்பார். அதற்கப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. மார்க் குறைந்தால் மாவு. மூணுக்கு ரெண்டு கிலோ, நாலுக்கு ஒன்றரை. ஹாஸ்டலில் எல்லோருக்கும் ராத்திரி தோசை. சனிக்கிழமை கிருபாசங்கர் வாளியை ஊருக்கு எடுத்துப் போவார். ஒரு தடவை பஸ்ஸிலேயே மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு பக்கத்து சீட்டுக்காரர் வேட்டியில் இறங்கிவிட்டது. “இட்லின்னு இன்னொரு தடவ சொன்னீங்கன்னா நான் அம்மா ஊட்டுக்குப் போயிருவேன்” என்று டீச்சரம்மா சொல்லிவிட்டாராம். அதை அவரே என்னிடம் சொல்லிச் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“மேடம், நான் என்ன தப்புப் பண்றேனுங்க?”

“உங்க கையப் பாருங்க சார்” என்றேன். அப்போதும் டம்ளரில்தான் இருந்தது.

அந்த ஆளைப் பாராட்டத்தான் வேண்டும். அடுத்த புதனிலிருந்து வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டு நோயாளியிடம் பேச ஆரம்பித்தார். பார்க்கச் சகிக்காது. ஒரு பக்கம் சாய்ந்து, பஸ்ஸில் இடம் பிடித்தவர் மாதிரி இருப்பார். ஆனால் டம்ளர் சத்தம் நின்றது. அக்டோபரில் நாலு, நவம்பரில் அஞ்சு, கடைசிப் புதன் ஆறு. மாவு அரைக் கிலோவுக்கு இறங்கியிருந்தது. அஞ்சாவது கேள்விக்கு மட்டும் கடைசி வரை சைபர்தான்.

இந்த நாளெல்லாம் அக்கா வாராவாரம் தம்பிக்குப் போன் போட்டார். மாத்திரை போடறியா, போடறேன்கா. நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன்கா. களத்து மேஸ்திரி மட்டும் ஒருநாள் அக்காவைக் கூப்பிட்டு, உங்க தம்பி தென்னை மரத்தோட சண்டை போடுறானே என்று கேட்டிருக்கிறார்.

டிசம்பர் தேர்வு. சீட்டுக் குலுக்கினோம். கிருபாசங்கருக்கு ராமாமணியக்காவே விழுந்தார். ஹாஸ்டல் பிள்ளைகள் அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். “அண்ணா, அக்கா வந்துட்டாங்க, இனிக் கண்ண மூடிட்டுப் போலாம்” என்றது ஒன்று. அறைக்கோடியில் நேரம் பார்த்து மணியடிக்கிற வேலை எனக்கு. புது ஏற்பாட்டின்படி தேர்வாளர் கடைசிக் கால் மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்து கவனிப்பார். முதல் அரை மணி அவர்கள் பாடு. அக்கா ரகசியம் சொல்ல நினைத்திருந்தால் தாராளமாகச் சொல்லியிருக்கலாம். நானும் காது கேட்காதவளாகத்தான் இருந்திருப்பேன், சத்தியமாக.

கிருபாசங்கர் கையின்மேல் உட்கார்ந்தார். அக்கா குரலைத் தாழ்த்துவார் என்று அவர் காத்திருந்தது எனக்கே தெரிந்தது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கேளுங்க டாக்டர். கேட்டாச் சொல்றேன்.”

அவ்வளவுதான். கிருபாசங்கர் நெற்றியில் குப்பென்று வியர்த்தது. கேட்க ஆரம்பித்தார். அக்காவும் சொன்னார், திருப்பூர், புருஷன், படுத்த நாலு மாசம். ஒன்பது வருஷம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒன்றுமே இருக்காது. சொல்லி முடித்து நிறுத்தினார். வழக்கமாக இந்த இடத்தில்தான் டம்ளர் தட்டப்படும்.

கிருபாசங்கர் ஒன்றும் பேசவில்லை. அக்காவும் பேசவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிஷம் ஆயிற்று. கதவைத் திறந்துகொண்டு தேர்வாளர் அம்மா உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தார். கிருபாசங்கர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஏனுங்கக்கா” என்றார். “அந்த நாலு மாசம் மாவு யாருங்க ஆட்டுனாங்க?”

அக்கா சட்டென்று அவரைப் பார்த்தார். பதினேழு டாக்டர்கள், வார்டில் கிடந்தபோது பார்த்தவர்கள், இத்தனை வருஷமாகக் கூடவே இருக்கிற நான், ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை.

“என்ற தம்பிங்க” என்றார். அப்புறம் உதடு கோணியது. “அவனுக்கு மாவாட்டவே தெரியாதுங்க. உளுந்த அள்ளிக் கொட்டிப்போடுவான். காலைல கடையத் தெறந்து, மத்தியானம் வந்து எனக்குச் சோறு ஊட்டுவான். ஒரு வாடிக்க கொறையலீங்க. நான் எந்திரிச்சு ரெண்டு வருசத்துல அவன் படுத்துட்டான். நான் அவனுக்கு என்னங்க பண்ணேன்? போன்ல நல்லா இருக்கியாங்கறேன். நல்லா இருக்கேன்காங்கறான். வெச்சுப்போடறேன்.”

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். கிருபாசங்கரின் வலது கை தொடைக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. நான் பயந்தே போனேன். அது மேஜையிலிருந்த தண்ணீர் டம்ளரை எடுத்து அக்கா பக்கம் நகர்த்தி வைத்தது.

“தம்பி எங்கீங்க இருக்காரு?”

அக்கா ஊர்ப் பெயரைச் சொன்னார். தேங்காய்க் களம் என்றார். சென்னகிருஷ்ணன் என்றார். கிருபாசங்கர் பேனாவை மூடி வைத்தார்.

“செப்டம்பர்ல நான்தானுங்க அவரப் பாத்தேன்” என்றார். “நலம்னு எழுதினேன்.”

அக்கா இல்லை என்றும் சொல்லவில்லை, பரவாயில்லைங்க என்றும் சொல்லவில்லை. அவர் பரவாயில்லைங்க என்று சொல்லாத ஒரே சந்தர்ப்பத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“நீங்க எத்தன நாளா நல்லாத் தூங்கலீங்க?” என்று கேட்டார் கிருபாசங்கர். மூணு வாரமாச்சு என்றார் அக்கா. சாப்பாடும் குறைந்துவிட்டதாம். பத்து நாள் முன்னால் இதே ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்து, என்னக்கா இளைச்சுட்டீங்க, அழகாயிட்டீங்க என்று நான் கேலி பண்ணியிருந்தேன். மணியை அடிக்க வேண்டிய நேரம் தாண்டி ஒரு நிமிஷம் ஆகியிருந்தது. அடித்தேன்.

தேர்வாளர் அம்மா குறிப்பைப் பார்த்தார். “நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லவில்லையா டாக்டர்?”

“இல்லீங்க மேடம். நேரம் போயிருச்சுங்க.”

“நோய் என்ன?”

“மனச்சோர்வு வந்து நல்லானவங்கங்க. தம்பி கவலைல மறுபடி ஆரம்பிக்குது. இன்னைக்கே பாக்கோணும். அவங்க தம்பியையும் பாக்கோணுங்க.”

அந்த அம்மா எழுதிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். “இவங்க எல்லார்கிட்டயும் இப்படி அழுவாங்களா?” இல்லை என்றேன். கிருபாசங்கர் பாஸ். மார்க் என்னவோ விளிம்பில்தான், அந்த ஏழேழில் கொஞ்சம் போய்விட்டது. அக்காவின் மாத்திரையை அன்றைக்கே கூட்டினோம். தம்பிதான் எத்தனை கூப்பிட்டும் கோயமுத்தூர் வரவில்லை. பொங்கலுக்குள் அவர் முகம் தெளிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வந்து என்னைப் பார்த்து, என்ன டாக்டரம்மா நீங்க பெருத்துட்டீங்க என்று பழி தீர்த்துக்கொண்டார்.

பிப்ரவரியில் கிருபாசங்கர் அந்தத் தாலுகா ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தார். அடுத்த மாசம் ஒரு மத்தியானம் அக்கா போன் பண்ணினார். பின்னால் கிரைண்டர் சத்தம்.

“டாக்டரம்மா, அந்த பாரம் இருக்குதுங்களா? கிருபாசங்கர் டாக்டருக்கு மூணு போட்டது. அத மாத்தோணும்.”

“மாத்தவெல்லாம் முடியாதுக்கா. அது கவர்மெண்ட் ரெக்கார்டு.”

“அப்ப புதுசா ஒண்ணு குடுங்க. தம்பி போயிட்டு வந்தான். அந்த டாக்டரு சும்மாவே உக்காந்திருந்தாருக்காங்கறான். இவன் நல்லா இருக்கேனுங்கன்னானாமா. அதுக்கப்புறமும் சும்மாவே உக்காந்திருந்தாராமா. எத்தன நேரந்தான் ரெண்டு பேரும் மூஞ்சியப் பாத்துட்டு இருக்கறது? இவனே சொல்லிப்போட்டான். மாத்திரை போட்டாக் கை வெறைச்சு நடுங்குதாமுங்க, கடப்பாரைல மட்ட உரிக்க முடியலையாமா. வேலைய விட்டு நிறுத்திருவாங்கன்னுதான் நிறுத்திருக்கான். இப்ப வேற மாத்திர குடுத்திருக்காரு. கை நல்லா வருதாமா.”

மூணு மாசமாகவா மறக்கும் என்று நான் சத்தம் போட்டபோது அவர் குனிந்து சிரித்தாரே, அந்தக் கைகளை நான் பார்க்கவே இல்லை.

“எத்தனை போடட்டும்க்கா?” என்றேன். “பத்தா?”

“எட்டு போடுங்க.”

“இன்னும் எதுக்குக் குறைக்கறீங்க?”

“தம்பிய ஒண்ணேகால் மணி நேரம் வெளிய பெஞ்சுல உக்கார வெச்சுப்போட்டாருங்க. முன்னால போன ஆளுகிட்ட அப்படி என்னத்தப் பேசுனாரோ! ரெண்டு மார்க் கொறஞ்சதுக்குக் கால் கிலோ மாவு குடுத்தனுப்பியிருக்கேன், டீச்சரம்மாகிட்டச் சொல்லிப்போடுங்க.”

சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தேன். “அஞ்சாவது கேள்விக்கு என்ன போடட்டும்? உங்க வீட்டு ஆளை அனுப்புவீங்களா?”

கிரைண்டர் சத்தம் நின்றது. அக்கா அதை நிறுத்திவிட்டார் என்று நினைக்கிறேன்.

“அதுக்கு முழுசாப் போட்டுருங்க. அடுத்த மாசம் பதிமூணாந்தேதி மறுபடியும் போறானாமுங்க. அவனே போன் பண்ணிச் சொன்னான். நான் கேக்கவே இல்லீங்க.”